மணலில் வறுத்த மோட்டார்

ஐந்தாம் அத்தியாயம்

முன் அத்தியாயங்கள் நான்கையும் இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கிடைக்காமல் தவிக்கும் வாசகர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடலை மடிக்க வைத்துக்கொள்ளலாம். கடலைக்கும் இந்த வழக்குக்கும் நெருங்கின சம்பந்தம் உண்டு.

நான் மொக்கையன். துப்பறியும் கருத்தக்கண்ணனின் உதவியாளன். அண்ணன் முன்பு ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாமல் வந்த ஒரு மேலதிகாரியின் மைத்துனரைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டார். அடுத்த வாரமே அவரை வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அன்று முதல் துப்பறிகிறார். நான் அவரைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிள் மிதிக்கிறேன்.

இனி வழக்கு. சொக்கிகுளத்தில் ராவ் சாகிப் ராஜாராமன் என்று ஒரு பெரிய மனிதர். சாலை ஒழுங்குச் சங்கத்தின் தலைவர். மதுரையில் நடக்கும் விபத்துக்கெல்லாம் மாட்டுவண்டிகளே காரணம் என்று ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுவார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், வண்டியூர்த் தெப்பக்குளத்துக் கரையில் ஒரு பச்சை மோட்டார் கார், பூக்கூடை ஏற்றி வந்த சின்னக்கருப்பனின் மாட்டுவண்டியை இடித்தது. அவர் காலை இரண்டு இடத்தில் முறித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. ஊரில் பச்சை நிறத்தில் மோட்டார் ஒன்றே ஒன்றுதான். அது ராவ் சாகிப்புடையது.

ராவ் சாகிப் விஜயதசமிக்கு மறுநாள் போலீசில் எழுதிக் கொடுத்தார். கார் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானமே திருடு போய்விட்டதாம். பண்டிகை நாளில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்க மனம் வரவில்லையாம். அதற்கடுத்த நாள் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் கார் கிடைத்தது. நம்பர் பலகையைக் காணோம். நிறம் கறுப்பு. அடியில் பழைய பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் இரும்பு வரைக்கும் உரித்து எடுத்திருந்தார்கள். மணலைக் காற்றில் பீய்ச்சி அடித்தால் ஒழிய அப்படி உரியாது. மதுரையில் அப்படி அடிக்கும் மெஷின் ஒரே ஒருத்தரிடம்தான் உண்டு. கோரிப்பாளையத்தில் பழைய பஸ் எஞ்சினையும் காற்று டாங்கியையும் ஒரு டிரம்மையும் ரப்பர் குழாயையும் பூட்டி, வீட்டுக் கொல்லையிலேயே கட்டில், பெட்டி, ஜன்னல் கம்பியெல்லாம் உரித்துக் கொடுக்கும் லாசர்.

இன்ஸ்பெக்டர் சின்னையாவுக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லாசரைப் பிடித்து உள்ளே வைத்தார்.

"லாசருக்குக் கார் ஓட்டவே தெரியாதே?" என்று அண்ணன் கேட்டார்.

"தெரியாததாலதான்யா இடிச்சிருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர். இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நானும் சத்தியமாகச் சிரிக்கவில்லை. ஆயுத பூஜை கழிந்து இன்றோடு பத்து நாள். நாளைக் காலையில் லாசரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். இன்றைக்கு ஒரு பகல்தான் எங்களுக்கு மிச்சம்.

இதுவரை நடந்தது இதுதான்.

லாசர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக மணல் தூசியை விழுங்கிய மனிதர். அண்ணனைக் கண்டதும் எழுந்து வந்தார். 'நான் திருடவில்லை' என்று அழுவார் என்று பார்த்தால், அவர் ஆத்திரம் வேறு விஷயத்தில் இருந்தது.

"அந்தக் காரு பானட்டைப் பாத்தீங்களாய்யா? தகரம் அப்பளம் மாதிரி நெளிஞ்சு கெடக்கு! கட்டில் காலுக்கு விடுற காத்தை பானட்டுக்கு விட்டுருக்கான் எவனோ. அது என் கையி செஞ்ச வேலையின்னு எப்பிடிய்யா வாய் கூசாமச் சொல்றாக?"

"திருடுனீங்களான்னு கேட்டா வேலை சரியில்லேங்கிறீங்களே," என்றேன்.

"நீ சும்மா இரு மொக்கை," என்றார் அண்ணன். "லாசரு, ஆயுத பூசை அன்னைக்கு மெஷின் எங்க இருந்துச்சு?"

"ராவ் சாகிப்பு டிரைவரு மொத நாள் ராத்திரி வந்து, ஏதோ இரும்பு வேலைன்னு சொல்லி வண்டியில ஏத்திட்டுப் போனாரு. ரெண்டு நாள் கழிச்சுத் திருப்பிக் கொண்டாந்தாரு. போகையில ஒண்ணே ஒண்ணு சொல்லிவிட்டேன். மணலடிச்ச இரும்பு பொறந்த புள்ள மாதிரி. சொட்டுத் தண்ணி படக்கூடாது. வெறுங்கை படக்கூடாது. அன்னைக்கே பெயின்ட் பூசிரணும். தப்பித்தவறி ஈரம் பட்டுச்சுன்னா, துடைச்சிட்டு மேல எம்புட்டு பூசினாலும் சரி, பத்தே நாள்ல அடியில துரு கெளம்பிக் கொப்புளம் கொப்புளமா நிக்கும்."

அந்த டிரைவர் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எந்த ஊர் என்று ராவ் சாகிப்புக்கு ஞாபகமில்லை. லாசர் என்ற பெயரையே தாம் கேள்விப்பட்டதில்லை என்று அவர் வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

கோரிப்பாளையத்துக்கு மிதித்தேன். லாசரின் மனைவி அற்புதமேரி கொல்லைக்கு அழைத்துப் போனாள். போலீசார் ரப்பர் குழாயை மட்டும் சாட்சிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். டிரம்மைத் தூக்க முடியவில்லையாம், அதனால் அது குற்றவாளி இல்லை.

"அவரு இருமலுக்கு ஜெயிலு தாங்காதுய்யா," என்றாள் அற்புதமேரி. "வெளிய இருந்தா ராத்திரியெல்லாம் நெஞ்சைத் தேச்சுவிட நான் இருக்கேன். உள்ள யாரு இருக்கா? ரெண்டு வருசம்னு போட்டா நான் பொணத்தைத்தான் வாங்கணும்."

அண்ணனுக்கு மனசு கலங்கினால் உடனே தரையைப் பார்ப்பார். தரையில் அடித்துத் தீர்ந்த மணல் குவிந்து கிடந்தது. கட்டிலின் நீலம், ஜன்னல் கம்பியின் சிவப்பு, துருவின் பழுப்பு, எல்லாம் அதில் தூளாகக் கலந்திருந்தன. குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தார்.

"பச்சை இல்லை," என்றார்.

"இல்லாட்டி என்னண்ணே?"

"ஒரு காரை உரிக்க ரெண்டு வண்டி மணலாச்சும் வேணும். அம்புட்டு மணலும் பச்சைத் தூளோட எங்கயோ கொட்டிக் கெடக்கணும்ல? அது கெடக்குற எடத்துலதான் காரை உரிச்சிருக்கான்."

"வைகைக் கரையில நின்னுக்கிட்டு மணலைத் தேடச் சொல்றீகளேண்ணே. அடுத்து மீனாச்சியம்மன் கோயில்ல கல்லைத் தேடுவமா?"

அண்ணன் அதற்குள் டிரம்மைப் பார்க்கப் போய்விட்டார். டிரம்மின் நெற்றியில் சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"இதென்ன?"

"திரும்பி வரயிலேயே இப்பிடித்தான் வந்துச்சு. ஆயுத பூசைக்கு வச்சிருப்பாக போல. நாங்க வேதக்காரவுக, சிலுவை கும்புடுறவுக, துடைக்கணும்னு நினைச்சேன். அதுக்குள்ள போலீஸ் வந்துருச்சு. இப்பத் துடைச்சிரவா?"

"துடைக்காத தாயி. உம் புருசன் வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

மத்தியானம் வரை மணலைத் தேடினோம். வண்டிப்பேட்டை, செங்கல் சூளை, புதுவீடு கட்டும் இடம், ஆற்றங்கரை. எங்கே பார்த்தாலும் மணல் மணல் நிறத்திலேயே இருந்தது. தல்லாகுளத்து முக்கில் என் கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன.

அங்கே தங்கப்பொண்ணு கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். இரும்புச் சட்டியில் சூடான மணல், அதில் கடலை, கையில் கரண்டி. காலணாவுக்கு வாங்கி நாலு கடலையை வாயில் போட்டேன். நறுக்கென்று பல்லில் ஏதோ மாட்டியது. துப்பிப் பார்த்தேன்.

பச்சையாக ஒரு செதில்.

"ஏய்! கடலைக்குப் பெயின்ட் அடிச்சு விக்கிறியா?" என்று கத்தினேன்.

தங்கப்பொண்ணு கரண்டியை ஓங்கினாள். "யார்ட்ட வந்து பேசுற? நாலு நாளா கோர்ட்டு குமாஸ்தாவுக, வாத்தியாருக, அம்புட்டுப் பேரும் இதத்தான் திங்கிறாக. எவனாச்சும் செத்தானா? ஒனக்கு மட்டும் பல்லு பட்டுப்பல்லோ?"

அண்ணன் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கினார். பிறகு மணலைக் கரண்டியில் கொஞ்சம் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை மணலுக்குள் பச்சைத் தூள் மினுமினுத்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவருக்குக் கல்யாணம் ஆன அன்றுகூட நான் பார்த்ததில்லை.

"அக்கா, இந்த மணலு எங்க எடுத்தீக?"

மரியாதையாகக் கேட்டதும் அவள் கரண்டி இறங்கியது. "சொக்கிகுளத்துல ராவ் சாகிப்பு பங்களா இருக்குல்ல? பின்வாசல் ஓரமா மலையாக் கொட்டிக் கெடந்துச்சு. தொட்டுப் பாத்தா மாவு மாதிரி இருக்கு. ஆத்து மணல்னா மண்ணும் சிப்பியும் சலிச்சு மாளாது. சும்மா கெடக்குதேன்னு ரெண்டு சாக்கு அள்ளியாந்தேன். பச்சையா இருந்ததைப் பாசின்னு நினைச்சேன், சாமி."

சட்டியோடு மணலை அண்ணன் விலைக்கு வாங்கிவிட்டார். தின்றவர்களுக்கு என்ன ஆகுமோ தெரியாது. இதற்குப் பிறகு கோர்ட்டில் யாராவது குமாஸ்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அது ராவ் சாகிப்பின் பழைய கார் என்று எனக்குத் தெரியும்.

சூடான சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் சைக்கிளில் உட்கார்ந்தார். சொக்கிகுளம் வரை அவர் போட்ட முனகல் என் காதில் இன்னும் இருக்கிறது.

பங்களாவில் நாங்கள் தேட வேண்டிய ஆள் ஏற்கெனவே இருந்தார். இன்ஸ்பெக்டர் சின்னையா பிரம்பு நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோர்ட்டில் காட்டும் வரை காரைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி, சொந்தக்காரரிடமே கொடுத்துவிட்டு, அது பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் காப்பி வேளையில் பார்த்துவிட்டுப் போவார். கார் முற்றத்தில் கறுப்பாக நின்றது.

அண்ணன் சட்டியை மேஜையில் வைத்தார்.

"என்னய்யா இது, கடலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இது காரு. பச்சைக் காரோட மேல்தோலு. இந்த வீட்டுப் பின்வாசல்ல கெடந்துச்சு."

ராவ் சாகிப்பின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஒரே கணம்தான். அப்புறம் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்.

"அதுவா! நம்மாத்து கேட்டுன்னா அது. பச்சையா இருந்த கேட்டை உரிச்சுக் கறுப்பு அடிச்சிருக்கு, பாருங்கோ. டிரைவர் எங்கேயோ ஒரு மெஷின் கொண்டுவந்தான். அது லாசரோடதா? வேலைக்காரன் எதை யார்கிட்ட வாங்கிண்டு வரான்னு நான் கணக்கு வெச்சுக்க முடியுமோ?"

வாசல் கேட் புதுக் கறுப்பில் பளபளத்தது. இன்ஸ்பெக்டர் காப்பி டம்ளரை ஆட்டித் தலையையும் ஆட்டினார். "ஆமா, கேட்டு பச்சையாத்தானே இருந்துச்சு. நான்கூடப் பாத்திருக்கேன்."

ஒரு பகல் முழுக்க அலைந்து, பல்லில் அடிபட்டுக் கண்டுபிடித்தது ஒரு கேட்டுக்குள் நுழைந்து மறைந்துபோயிற்று. அற்புதமேரியின் முகம்தான் கண்ணில் வந்தது.

அண்ணன் கேட்டுக்குப் போனார். சைக்கிள் சாவியை எடுத்துக் கறுப்பின் மேல் ஒரு கீறல் போட்டார். அடியில் பச்சை எட்டிப் பார்த்தது.

"மணலடிச்ச கேட்டுல பச்சை எப்பிடிங்கய்யா மிச்சமிருக்கு? இது உரிக்காம அப்பிடியே மேல பூசினது. அப்ப மணல்ல இருக்குறது எதோட பச்சை?"

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். ராவ் சாகிப் மட்டும் அசரவில்லை. தலைவர் பதவியில் இருப்பவர்களுக்குப் பேச்சு நிற்காது.

"அப்படின்னா இன்னும் மோசம்! நாங்க எல்லாரும் அழகர்கோயிலுக்குப் போயிருந்த சமயத்துல அந்த லாசர் என் காரை என் ஷெட்டுக்கே கொண்டுவந்து உரிச்சிருக்கான்! டிரைவரும் அவனும் கூட்டு. என்ன தைரியம்!"

"அதானே பாத்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர். டம்ளர் மறுபடி கைக்கு ஏறியது.

அந்த மனிதரைப் பிடித்து அதே மணலில் வறுக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணனோ காரைச் சுற்றி வந்தார். பானட்டைத் தடவினார். என்னைக் கூப்பிட்டு என் விரலையும் பிடித்து வைத்தார். வழவழப்பான கறுப்பில் ஐந்து இடத்தில் கொப்புளம். நடுவில் ஒன்று, சுற்றி நாலு. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசளவு வட்டம்.

அப்போது ராவ் சாகிப்பின் மனைவி பாலாம்பாள் எங்களுக்கும் காப்பி கொண்டுவந்தார். அந்த வீட்டில் எங்களை மனிதராக நினைத்தவர் அவர் ஒருவர்தான். அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டு, ரொம்ப வருத்தமாகக் குரலை இழுத்தார்.

"அம்மா, நான் சொன்னேன்னு கோவிச்சுக்கக் கூடாது. ஊருக்குள்ள ஒரு பேச்சு நடமாடுது. இந்த வருசம் உங்க வீட்டு ஆயுத பூசையில கொறை வச்சிட்டீகளாம். மோட்டாருக்கு மட்டும் பொட்டு வைக்காம விட்டுட்டீகளாம். அதான் இம்புட்டு சங்கடமும் வந்துச்சுங்கிறாக."

பாலாம்பாளின் முகம் சிவந்துவிட்டது.

"எவ சொன்னா? அவளை என் எதிர்க்க வந்து சொல்லச் சொல்லுங்கோ! கல்யாணமாகி முப்பது வருஷம், இந்தாத்துல ஒரு ஊசிக்குக்கூட நான் பொட்டு வைக்காம விட்டதில்லை. அரிவாமணை, தையல் மெஷின், சுவர்க் கடியாரம், டிரைவர் கொண்டுவந்த அந்த மணல் மெஷின், எல்லாத்துக்கும் வெச்சேன். வாகனத்தை விடுவேனா? பாவம், பெயின்ட்டெல்லாம் உரிஞ்சு ஷெட்டுல பளபளன்னு நின்னுண்டிருந்தது. டிரைவர்கூடத் தடுத்தான். 'ஈரம் படப்படாது, லாசர் சொல்லிவிட்டிருக்கார், துரு பிடிக்கும்'னான். போடா, ஸ்வாமி காரியத்துக்கு லாசரைக் கேக்கணுமான்னு சொல்லிட்டு, பானட்டுல அஞ்சு இடத்துல நன்னா சந்தனத்தைக் குழைச்சு வெச்சேன். நடுவுல ஒண்ணு, சுத்தி நாலு!"

"பாலா, உள்ளே போ," என்றார் ராவ் சாகிப்.

"ஏன் போகணும்? நான் எதுலயும் குறை வைக்கலைன்னு அவா தெரிஞ்சுக்கட்டும்!"

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆயுத பூசை அன்னைக்கு காரு ஷெட்டுல இருந்துச்சா அம்மா? மொத நாளே திருடு போச்சுன்னு அய்யா எழுதிக் கொடுத்திருக்காரே."

"மொத நாளா? அன்னிக்குச் சாயங்காலம் இவர்தானே ஓட்டிண்டு வந்து நிறுத்தினார்! காணாமப் போனது விஜயதசமி ராத்திரின்னா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் கணவரைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே குரல் நின்றுவிட்டது.

அண்ணன் சாவியால் நடுக் கொப்புளத்தைச் சுரண்டினார். கறுப்பு உதிர்ந்தது. அடியில் வட்டமாகத் துரு, குங்குமத்தை விடச் சிவப்பாக. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து மற்ற நாலையும் தாமே சுரண்டிப் பார்த்தார். இந்த வழக்கில் அவர் கையால் செய்த முதல் வேலை அதுதான்.

ராவ் சாகிப் முதலில் காரைக் கறுப்பாக்கி ஓட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். உரித்துப் பூசி முடித்த பிறகுதான், ஊருக்கெல்லாம் தெரிந்த காரின் நிறம் மாறினால் ஊருக்கெல்லாம் தெரியுமே என்பது உறைத்திருக்கிறது. உடனே கார் திருடு போயிற்று. டிரைவர் ஊருக்குப் போனார். கேட் கறுப்பாயிற்று. இவ்வளவு யோசித்த தலை, தெப்பக்குளத்தில் காரை நிறுத்தி இறங்க மட்டும் யோசிக்கவில்லை.

"அந்த வண்டிக்காரருக்கு என்ன ஆச்சு?" என்று பாலாம்பாள் கேட்டார்.

"காலு ரெண்டு எடத்துல முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காரும்மா," என்றேன். "இடிச்சவருக்குப் பதிலா லாசரு ஜெயில்ல கெடக்காரு."

பாலாம்பாள் காரைப் பார்த்தார். "ஒருத்தர் காலை முறிச்ச வண்டிக்குத்தான் அன்னிக்கு நான் பொட்டு வெச்சேனா?" என்றார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "இப்போ சொன்னதைக் கோர்ட்டிலும் சொல்றேன். எழுதிக்கோங்கோ."

ராவ் சாகிப் வாயைத் திறந்தார். மாட்டுவண்டிகளைப் பற்றி ஏதாவது சொல்வாரோ என்று பார்த்தேன். வெற்றிலைச் சாறு மட்டும் வழிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் லாசரை வெளியே விட்டார்கள். அற்புதமேரி அவர் நெஞ்சில் கை வைத்து அழுதாள். அவர் அண்ணனைப் பார்த்து முதலில் கேட்டது இது:

"பானட்டுல துரு ஏறிருச்சாமே? எத்தனை எடத்துல?"

"அஞ்சு."

"சொல்லித்தான் விட்டேன். எவன் கேக்குறான்?" என்று சிரிக்கப் போய் இருமிவிட்டார். இருமல் அடங்கினதும், "அந்தம்மா மட்டும் எம் பேச்சைக் கேட்டிருந்தா நான் உள்ளேயே செத்திருப்பேன்," என்றார்.

மறுவாரம் கோரிப்பாளையம் பக்கம் போனேன். கொல்லையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. அற்புதமேரி அதைத் துடைக்கவில்லை. அதற்கு மேலே சுண்ணாம்பால் ஒரு சிலுவை மட்டும் போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்த மணல் குவியலைச் சுற்றி முள்ளுவேலி கட்டி, கடலைக்காரர்கள் அள்ளக்கூடாது என்று பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள்.